சுவர்ப் பக்கம் திருப்பாத பகல்கள்

என் சட்டைப் பையில் செல்போன் அடித்தது. பகல் பதினோரு மணி இருக்கும். வீட்டுக்குள் பாய் விரித்து ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

அடித்தது யாரோ கூப்பிடுகிற மணி இல்லை, அலாரம். அது எனக்குத் தெரியும். கட்டிலில் தலையணைகளை அண்டக் கொடுத்துச் சாய்ந்திருந்த உங்கள் அம்மாவுக்கும் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது.

"எடுங்க மாப்ள, யாரோ கூப்படறாங்க" என்றார் உங்கள் பெரிய மாமன். அம்மாவின் அண்ணன். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரக்கரை நாட்டிலிருந்து விடிந்ததும் கிளம்பி, பாதி வழி நடந்து, மீதி வழி பஸ் பிடித்து வந்திருந்தார்.

"மிளகு யாவாரிங்க மச்சான். அப்பறமாப் பேசிக்கறேன்" என்று சொல்லி அமுக்கிவிட்டேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி இருந்தது. அதைத்தான் என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

கண்ணுகளா, நாலு வாரமாகக் கடிதத்தில் வேறு வேறு கதைகளை எழுதி இதைத் தள்ளிப்போட்டேன். அன்னாசிக் காட்டில் பன்றி புகுந்ததை எழுதினேன். காப்பிப் பழம் காயப்போட்ட களத்தில் மழை பிடித்ததை எழுதினேன். படித்துவிட்டுச் சிரித்ததாகப் போனில் சொன்னீர்கள். இந்த வாரம் சிரிக்க ஒன்றும் இல்லை. ஆனால் உங்களுக்கு நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அதை இதற்கு மேல் வைத்துக்கொண்டு இருக்க முடியாது.

ஏணி

அம்மா விழுந்தது உங்களுக்குத் தெரியும். மிளகு பறிப்பு முடிகிற சமயம். மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் மூங்கில் ஏணி சாத்தியிருந்தது. உச்சியில் ஒரு கொடி பாக்கி. நான் கீழே சாக்குக்கு வாய் கட்டிக்கொண்டிருந்தேன். "நானே ஏறிப் பறிச்சுப் போடறனுங்க" என்று ஏறினாள். பனி ஈரத்தில் ஏணி சறுக்கியது.

விழுந்தவள் அழவில்லை. "காலு எங்கீங்க இருக்குது?" என்று கேட்டாள். கால் இரண்டும் என் கண் முன்னால்தான் இருந்தன.

மலைப்பாதையின் எழுபது வளைவும் ஆம்புலன்சில் அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே இறங்கினேன். ஒவ்வொரு வளைவிலும் "ஆச்சுங்களா?" என்பாள். "இன்னும் நாலு கண்ணு" என்பேன். நாலு என்று எத்தனை முறை சொன்னேனோ.

அடிவாரத்து ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். முதுகெலும்பில் கம்பியும் திருகும் வைத்தார்கள். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. ஆனால் இரண்டாவது வாரம் வலது கால் பெருவிரல் அசைந்தது. டாக்டரே குனிந்து பார்த்தார். நரம்பு முழுசாக அறுபடவில்லை என்றார். முறையாகப் பயிற்சி கொடுத்தால் காலில் இரும்புப் பட்டை மாட்டி, வாக்கர் பிடித்து நிற்கலாம், வீட்டுக்குள் நாலு அடி வைக்கலாம் என்றார்.

அந்த நாலு அடியைத்தான் கண்ணுகளா, நான் சொல்ல வருவது.

மரம் உருட்டுகிற கை

வார்டில் நூர்ஜஹான் சிஸ்டர் என்று ஒருவர். அடிவாரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிற குடும்பம். அதட்டல் பேச்சு, ஆனால் கை பூவைப் போல. அவர்தான் எனக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தார்.

"ஏனுங்கண்ணா, காட்டுல மரம் உருட்டியிருக்கறீங்களா?"

"உருட்டியிருக்கறனுங்க."

"நுனியப் புடிச்சா முறுக்கிக்கும். நடுவுல கை குடுத்தா ஒண்ணா உருளும். அக்காளையும் அப்படித்தான். தோளும் இடுப்பும் ஒண்ணாத் திரும்போணும்."

இரண்டாக மடித்த விரிப்பை அடியில் போட்டு, அதைப் பிடித்து இழுத்துத் திருப்பக் கற்றுக்கொண்டேன். ஒருக்களித்த பிறகு முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால் இரண்டுக்கும் நடுவே ஒரு தலையணை. குதிகால் மெத்தையில் படாமல் தொங்க வேண்டும். இரண்டு மணி நேரம் மல்லாக்க, இரண்டு மணி நேரம் வலப்பக்கம், இரண்டு மணி நேரம் இடப்பக்கம். என் போனை வாங்கி அலாரத்தையும் அவரே வைத்துக் கொடுத்தார்.

"நம்ம படுத்திருந்தா வலிக்கும், தானாப் பொரளுவோம். அக்காளுக்கு வலிக்காது. வலிக்கலைன்னு சொன்னா நம்பாதீங்க. வலிக்காத எடத்துலதான் புண்ணு வரும்."

சமவெளியில் ஒரு மறுவாழ்வு மையம் இருந்தது. நிற்கப் பயிற்சி கொடுக்கிற இடம். அங்கே இடம் கிடைக்க ஒன்றரை மாதம் ஆகும் என்று சிஸ்டர்தான் விசாரித்துச் சொன்னார்.

"ஒண்ணே ஒண்ணுதானுங்க அண்ணா. படுக்கைப் புண்ணு இல்லாமக் கொண்டாந்து சேர்த்துங்க. புண்ணு இருந்தா உக்கார வைக்க முடியாது, நிறுத்த முடியாது. திருப்பி அனுப்பிருவாங்க."

"ஒன்றரை மாசந்தானுங்களே" என்றேன். பெரிய தைரியசாலி போல.

அப்பாரு கட்டிய தலைப்பாகை

இந்த இடத்தில் உங்கள் அப்பாருவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் அப்பா. நீங்கள் பார்த்ததில்லை.

அவர் காய்ச்சலில் கிடந்தபோது ஊர்க்கவுண்டரும் நாலு பெரியவர்களும் பார்க்க வந்தார்கள். தூரத்தில் நாய் குரைத்ததுமே அப்பா என்னைக் கூப்பிட்டார். முகம் துடைத்துவிடச் சொன்னார். தலைப்பாகை கட்டிவிடச் சொன்னார். சுவரில் சாய்ந்து, நிமிர்ந்து உட்கார்ந்து, வந்தவர்களைக் கும்பிட்டு, ஆடு மாடு சுகமா என்று ஒவ்வொருவராக விசாரித்தார். அவர்கள் களம் தாண்டியதும் அப்படியே பக்கவாட்டில் சரிந்தார். தலைப்பாகையை நான் அவிழ்த்தபோது அது நனைந்து பிழிகிற மாதிரி இருந்தது.

நாலாம் நாள் போய்விட்டார். ஆனால் எங்கள் ஆலத்தூர் நாட்டில் பத்து வருடம் அதையேதான் பேசினார்கள். "சாகக் கெடந்தாலும் வந்தவங்களுக்கு முதுகு காட்டாத மனுசன்." கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும்.

எங்கள் ஊரில் ஒருவர் விழுந்துவிட்டால், வீட்டுக்கு ஒருவராவது வந்து பார்க்க வேண்டும். வந்ததும் கிளம்பக் கூடாது. நடந்து வந்த கால் ஆறுகிற வரை உட்கார வேண்டும். படுத்திருப்பவரும் அவர்களை முகம் பார்த்துப் பேச வேண்டும். முதுகைக் காட்டினால், நீங்கள் வந்தது பிடிக்கவில்லை என்று அர்த்தம். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. எல்லாருக்கும் தெரியும்.

தோசை

நம் வீட்டில் கட்டில் எப்படிக் கிடந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? சுவரை ஒட்டி. அம்மா வலப்பக்கம் திரும்பினால் வாசலைப் பார்ப்பாள். இடப்பக்கம் திரும்பினால் சுவரைப் பார்ப்பாள்; முதுகு வந்தவர்கள் பக்கம் இருக்கும்.

வீட்டுக்கு வந்த முதல் வாரம் ஒழுங்காகத் திருப்பினேன். அப்புறம் சனம் வர ஆரம்பித்தது. நம் ஊர், பக்கத்து ஊர், அம்மா பிறந்த பெரக்கரை நாடு, அவளுடன் மிளகு பறித்த பெண்கள். பலாக்காய், வாழைப்பழம், ரொட்டிப் பொட்டலம். காலையில் ஒரு கூட்டம் எழுந்தால், மத்தியானத்துக்கு ஒரு கூட்டம் உட்காரும்.

முதல் தடவை பெரிய மாமன் வந்தபோது, அவர் முன்னாலேயே விரிப்பைப் பிடித்து அம்மாவைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன்.

மாமன் சிரித்தார். "ஏனுங்க மாப்ள, மணிக்கொருக்காத் திருப்பித் திருப்பிப் போடறீங்களாமா? தங்கச்சியா, தோசையா?"

எல்லாரும் சிரித்தார்கள். மிளகு பறிக்கிற பெண் ஒருத்தி, "அடியில கருகாமப் பாத்துக்கங்கோ" என்றாள். நானும்தான் சிரித்தேன். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்:

"என்ற அண்ணன் மலையேறி எறங்கி வந்து உக்காந்திருக்கறாரு. அவருக்கு முதுகக் காட்டிட்டுக் கெடக்கறனே. மல்லாக்கப் போடுங்க சாமி. தலகாணியக் குடுத்துச் சாச்சு வையுங்க."

திருப்பிப் போட்டேன். இரண்டு தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்தேன். அவள் முகம் தெளிந்தது. அண்ணன் பிள்ளைகளின் படிப்பை விசாரித்தாள், ஒரு வாய் காப்பி குடித்தாள். பார்க்கவே நன்றாக இருந்தது.

அதற்கப்புறம் ஆள் இருக்கிற பகலெல்லாம் அவள் அப்படியேதான் இருந்தாள். வாசல் பக்கம் ஒருக்களித்துப் படுத்தபடி கும்பிடுவதும் அவளுக்கு மரியாதையாகப் படவில்லை. உடம்பின் பாரம் முழுவதும் இடுப்புக்கு அடியில், வால் எலும்பின் மேல். அலாரம் அடிக்கும், நான் அமுக்குவேன். ராத்திரியில் ஒருமுறைகூடத் தவறவிடவில்லை. ராத்திரி பார்க்க ஆள் இல்லையே. பகல் கணக்கை ராத்திரியில் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன்.

"வலிக்குதா?" என்று கேட்பேன்.

"ஒண்ணுமே வலிக்கலீங்க."

சிஸ்டர் சொன்னது எனக்கு ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. ஆனாலும் சந்தோஷப்பட்டேன். முதுகையும் இடுப்பையும் தினமும் பார்க்கச் சொல்லியிருந்தார். பகலில் அத்தனை பேர் நடுவில் சேலையை விலக்கி எப்படிப் பார்ப்பது? பொழுது இறங்கியபின் மங்கல் பல்பு வெளிச்சத்தில் பார்ப்பேன். கருத்த தோலில் சிவப்பு எங்கே தெரிகிறது? ஒன்றும் இல்லை என்றே எனக்குப் பட்டது.

அந்த நாளில்தான் காப்பிப் பூ பூத்தது. மழை ஒன்று பெய்து ஒன்பதாம் நாள் தோட்டமே வெள்ளையாகிவிட்டது. ஜன்னல் வழியாக வாசம் வந்து வீட்டை நிறைத்தது. அந்த வாசத்துக்கு அடியில் வேறு ஒரு வாடையும் இருந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்

உங்களுக்கு முழுப் பரீட்சை நேரம். ஹாஸ்டலிலேயே இருங்கள், அம்மா நன்றாக இருக்கிறாள் என்று சொல்லியிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் மூன்று மணி இருக்கும். பெரிய மாமன் இரண்டாவது தடவையாக வந்து, காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். அவரோடு ஐந்தாறு பேர். வாசலில் ஆட்டோ நின்றது. இறங்கியவர் நூர்ஜஹான் சிஸ்டர்.

வீட்டுக்காரரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாசலூர்பட்டி ஏரிக்குப் படகு சவாரிக்கு வந்தாராம். அவர்களைப் படகில் ஏற்றிவிட்டு, வழி விசாரித்து நம் வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் பேரீச்சம்பழப் பொட்டலம்.

"அக்கா, எப்படி இருக்கறீங்க?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தவர், கட்டிலுக்கு இரண்டடி முன்னால் நின்றுவிட்டார். மூக்கை ஒருமுறை உறிஞ்சினார். சிரிப்பு போய்விட்டது.

"ஆம்பளைங்க எல்லாம் சித்தெ வெளிய இருங்க."

மாமனுக்கு முகம் மாறியது. "நாங்க யாருன்னு தெரியுமாம்மா?"

"தெரியுமுங்க. சித்தெ நேரந்தானுங்க."

அவர்கள் வெளியே போனார்கள். சிஸ்டர் கதவைச் சாத்தினார். நானும் அவருமாக அம்மாவைச் சுவர்ப் பக்கம் திருப்பினோம். சேலையை விலக்கினார்.

வால் எலும்பின் மேல் எட்டணாக் காசு அகலத்துக்குக் கறுப்பாக ஒரு மூடி. சுற்றிலும் தோல் பழுத்த பழம் போல மெத்தென்று இருந்தது. சிஸ்டர் புறங்கையை வைத்துப் பார்த்தார். ஓரத்தில் மெதுவாக அழுத்தினார். கசிந்தது. காப்பிப் பூ வாசம் அப்போது எங்கே போனதோ, அந்த வாடை மட்டும்தான்.

"கடைசியா எப்பத் திருப்புனீங்க?"

"காலைல ஏழு மணிக்குங்க."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. பையிலிருந்த தன் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"மேல பாக்கத்தான் சின்னது. உள்ள எலும்பு வரைக்கும் போயிருக்குமுங்க. மையத்துல இருந்து பத்து நாள்ல கூப்பிடுவாங்களே அண்ணா, என்னங்க பண்ணி வச்சிருக்கறீங்க?"

அம்மா சுவரைப் பார்த்தபடி கேட்டாள். "என்னுங்க சிஸ்டர்? எனக்கு ஒண்ணுமே வலிக்கலீங்களே."

நான் தட்டுத்தடுமாறி நடந்ததைச் சொன்னேன். வந்தவர்களுக்கு முதுகு காட்டக் கூடாது என்பதை. சிஸ்டர் கட்டிலையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கட்டில நடுவுல இழுத்துப் போட்டிருந்தா, அக்கா எந்தப் பக்கம் திரும்புனாலும் அந்தப் பக்கம் போயி உக்காந்திருப்பாங்களே."

நடு வீட்டில் நாங்கள் கிடத்துவது யாரை என்று அவரிடம் எப்படிச் சொல்ல? உயிரோடு இருக்கிறவர்களை யாரும் அங்கே படுக்க வைப்பதில்லை. கட்டிலை நகர்த்தலாம் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. எட்டியிருந்தாலும் செய்திருக்க மாட்டேன்.

மாமன் விடைபெற்றது

கதவு தட்டும் சத்தம். "பஸ்ஸுக்கு நேரமாச்சு கண்ணு. நான் வாரேன்" என்று மாமன் வெளியிலிருந்து சொன்னார்.

சிஸ்டர் அப்போதுதான் புண்ணைத் துடைத்துத் துணி வைத்து ஒட்டியிருந்தார். அம்மா சட்டென்று தலையைத் தூக்கினாள். "ஏனுங்க, என்னைத் திருப்பிப் போடுங்க. அண்ணன் கெளம்பறாரு."

"அக்கா, வேண்டாமுங்க" என்றார் சிஸ்டர். "இனி மல்லாக்கவே படுக்கக் கூடாது. நான் அவருகிட்டச் சொல்றேன்."

"சொல்லாதீங்க! அவருனாலதான்னு நெனச்சுக்குவாரு. ஒரே நிமிசமுங்க சாமி. மூஞ்சியப் பாத்து அனுப்பி வச்சர்றேன்."

என்னைப் பார்த்தாள். சிஸ்டரும் என்னைத்தான் பார்த்தார்.

கண்ணுகளா, புண்ணைப் பார்க்காத வரை நான் செய்ததற்கு அறியாமை என்று ஒரு பேர் இருந்தது. இதற்கு என்ன பேர் என்று எனக்குத் தெரியவில்லை. விரிப்பைப் பிடித்தேன். திருப்பினேன். அந்தப் புண்ணின் மேலேயே மல்லாக்கப் படுக்க வைத்தேன். தலையணையும் கொடுத்தேன்.

மாமன் உள்ளே வந்தார். ஒரு நிமிடம் இல்லை, கால் மணி நேரம் நின்று பேசினார். அம்மா சிரித்தபடி கும்பிட்டாள். "சீக்கிரம் எந்திரிச்சு நடந்து ஊட்டுக்கு வா கண்ணு, கெடா வெட்டறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சிஸ்டர் கதவோரம் நின்றிருந்தார்.

நடு வீடு

மறுநாள் கட்டிலை நடுவில் இழுத்துப் போட்டேன். அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். வந்தவர்களில் ஒரு கிழவர் வாசற்படியிலேயே நின்று, "உசுரோட இருக்கறவளை ஏண்டா நடு ஊட்டுல போட்டிருக்கற?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். அடுத்த வாரத்திலிருந்து யாரும் வரவில்லை. வர வேண்டிய முறையும் எல்லாருக்கும் முடிந்திருந்தது.

மையத்திலிருந்து சொன்னபடி கூப்பிட்டார்கள். திங்கட்கிழமை கொண்டுவரச் சொன்னார்கள். புண் இருக்கிறது என்றேன். முதலில் அதை ஆஸ்பத்திரியில் காட்டி ஆற்றுங்கள், ஆறிய பிறகு பார்க்கலாம் என்றார்கள். அந்த இடம் வேறு ஒருவருக்குப் போயிற்று.

ஆஸ்பத்திரியில் அந்தக் கறுப்பு மூடியை வெட்டி எடுத்தார்கள். உள்ளே என் கட்டைவிரல் முழுசாக இறங்குகிற குழி. தினம் அதில் மருந்துத் துணி திணித்து எடுத்தேன். ஆற எட்டு மாதம் ஆயிற்று. எட்டு மாதமும் அவள் பக்கவாட்டில், முழங்காலை மடித்து, நத்தை மாதிரிச் சுருண்டு கிடந்தாள். காலைத் தினமும் நீட்டி மடக்கிவிடச் சிஸ்டர் போனில் சொல்லிக்கொண்டேதான் இருந்தார். நீட்டினால் கால் வெட்டி இழுக்கும், இடுப்பு குலுங்கும், துணியில் ரத்தம் தெரியும். பயந்து விட்டுவிட்டேன்.

புண் ஆறியதும் மையத்துக்குக் கொண்டுபோனேன். நல்ல பையன் ஒருவர், பயிற்சி கொடுக்கிறவர், அம்மாவின் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல மெல்ல அழுத்திப் பார்த்தார். பாதிக்கு மேல் நீளவில்லை. காம்பஸ் மாதிரி ஒன்றை வைத்து அளந்தார். இரண்டாவது தடவையும் அளந்தார்.

"பட்டை மாட்டறதுக்குக் காலு நேரா வரணுமுங்க ஐயா. தசை சுருங்கி இறுகிப்போச்சு. முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா..." என்று ஆரம்பித்து, அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஒரு சக்கர நாற்காலி கொடுத்தார்கள். நம் வாசலுக்கும் களத்துக்கும் நடுவே எத்தனை கல் படி என்று உங்களுக்கே தெரியும்.

நான் சொன்ன பொய்

விடுமுறைக்கு வந்தபோது பெரியவள் நீ கேட்டாய். "அந்த டிரெயினிங்குக்கு அம்மாவ ஏம்ப்பா கூட்டிட்டுப் போகல?" தம்பியும் பக்கத்தில்தான் இருந்தான்.

"அங்க எடம் இல்லீன்னுட்டாங்க கண்ணு" என்றேன்.

இடம் இருந்தது. கூப்பிட்டார்கள். அந்தத் திங்கட்கிழமை அவளைக் கொண்டு போயிருந்தால் உங்கள் அம்மா இன்றைக்கு அடுப்படி வரை நடந்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. டாக்டரும் நிச்சயம் சொன்னதில்லை. ஆனால் தெரிந்துகொள்ளும் வழியை அடைத்தவன் நான்தான். காயத்துக்குக் காரணம் ஏணி. அதற்குப் பின்னால் வந்ததற்கெல்லாம் ஏணியைச் சொல்லாதீர்கள்.

இதுவரை எழுதியதை இன்றைக்குக் காலையில் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டாள். முடிந்ததும் கண்ணைத் திறந்தாள்.

"என்ற மேல போட்டு எழுதியிருக்கலாமுங்களே. திரும்ப மாட்டேன்னது நான்தானே."

"திருப்பறவன் நானில்ல?"

"அண்ணன் பேரைப் போட்டிருக்கறீங்களா?" என்று கேட்டாள்.

"போடலை."

"போட்டறாதீங்க. படிச்சாருன்னா மனசு சங்கடப்படுவாரு" என்றாள்.

அவர் கடைசியாக நம் வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது.